நுரையீரலுக்குள் ஆக்சிஜன் எங்கே போகிறது? எம்.ஆர்.ஐ. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

"எம்.ஆர்.ஐ. எடுத்தால் நுரையீரலுக்குள் ஆக்சிஜன் ஓடுவது அப்படியே தெரியுமாம்" என்று பலரும் சொல்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். தெரியாது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் எம்.ஆர்.ஐ. கருவியின் கண்ணில் படவே படாது. அது மட்டுமில்லை, வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் நுரையீரலே சரியாகத் தெரியாது, நெஞ்சுக்கூட்டுக்குள் இரண்டு பெரிய கருப்புப் பள்ளங்கள்தான் இருக்கும். ஆனாலும் அதே கருவியை வைத்துக்கொண்டு, நுரையீரலின் எந்த மூலைக்குக் காற்று போகிறது, எங்கே ஆக்சிஜன் ரத்தத்துக்குள் இறங்குகிறது, எங்கே வாசல்வரை வந்தும் நின்றுவிடுகிறது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டுகிறார்கள். இது எப்படி முடிகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பள்ளிக்கூட அறிவியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

கூடவே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டினால் நுரையீரல் முழுக்க நன்றாக இருக்கிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது ஏன் சரியில்லை என்று புரிந்தால்தான், எதற்காக இவ்வளவு சிரமப்பட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள் என்பதும் புரியும்.

## ஆக்சிஜன் போகும் வழி

ஒரு பெரிய ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள், ஆளுக்கொரு நடைமேடைக்குப் பிரிந்து போகிறார்கள், ரயில் வந்து நிற்கிறது, கதவு வழியாக ஏறி உட்காருகிறார்கள், ரயில் கிளம்பிவிடுகிறது. இதில் பயணிகள் ஆக்சிஜன், ரயில் ரத்தம், இருக்கைகள் ஹீமோகுளோபின்.

நிஜ நுரையீரலில் மூச்சுக்குழாய் இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டே போய், கடைசியில் நுண்ணறைகளில் முடிகிறது. நுண்ணறை என்பது கால் மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு காற்றுப் பை. ஒரு மனிதரிடம் 30 கோடியிலிருந்து 50 கோடிவரை நுண்ணறைகள் இருக்கும். ஒவ்வொன்றின் சுவரை ஒட்டியும் மிக மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சவ்வின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. இந்தச் சவ்வைத் தாண்டித்தான் ஆக்சிஜன் சிவப்பணுவுக்குள் போய் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது.

நேரக்கணக்கு இன்னும் ஆச்சரியம். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு சிவப்பணு இந்த இடத்தைக் கடக்க சுமார் முக்கால் விநாடி ஆகிறது. ஆனால் அது நிரம்புவதற்குக் கால் விநாடியே போதும். மீதி அரை விநாடி கையிருப்பு. இந்தக் கையிருப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இதுவரை சொன்னதன் சாரம்: ஆக்சிஜன் உடம்புக்குள் போக மூன்று காரியம் நடக்க வேண்டும். காற்று நுண்ணறைக்கு வர வேண்டும், ஆக்சிஜன் சவ்வைத் தாண்ட வேண்டும், அந்தப் பக்கம் ரத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

## ஒரே ஒரு எண் ஏன் போதாது

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நிலையத்தைப் பார்ப்பதில்லை. எல்லா நடைமேடைகளிலிருந்தும் கிளம்பிய ரயில்கள் ஒன்று சேர்ந்த பிறகு, அடுத்த ஊரில் நின்று, நூற்றுக்கு எத்தனை இருக்கை நிரம்பியிருக்கிறது என்று எண்ணிச் சொல்கிறது. 98 என்றால் 98 இருக்கை நிரம்பியிருக்கிறது. எந்த நடைமேடையில் கூட்டம், எது வெறிச்சோடிக் கிடந்தது என்று அந்த எண்ணில் இல்லை.

ஊதிக் காட்டச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி சோதனை வாசலில் நின்று எண்ணுவது மாதிரி: எவ்வளவு காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று சொல்லும், உள்ளே எங்கே என்ன நடந்தது என்று சொல்லாது. சி.டி. ஸ்கேன் கட்டடத்தை மிகத் துல்லியமாகக் காட்டும். சுவர் இடிந்திருந்தால் தெரியும், ஆனால் பயணி ஏறினாரா இல்லையா என்பது கட்டடத்தைப் பார்த்துத் தெரிகிற விஷயமில்லை.

"ஒரு பகுதி கெட்டுப்போனால் என்ன, நல்ல பகுதி கூடுதலாக வேலை செய்து ஈடுகட்டாதா?" என்று கேட்கத் தோன்றும். முழுக்க ஈடுகட்ட முடியாது, அதற்குக் காரணம் இருக்கைக் கணக்குதான். நல்ல பகுதியிலிருந்து கிளம்பும் ரத்தத்தில் ஏற்கெனவே கிட்டத்தட்ட எல்லா இருக்கையும் நிரம்பிவிட்டது, அங்கே இன்னும் எவ்வளவு காற்று வந்தாலும் ஏற்ற இடம் இல்லை. காற்று வராத பகுதியிலிருந்து காலி இருக்கையோடு வரும் ரத்தம் இதோடு கலக்கும்போது மொத்த சராசரி இறங்கத்தான் செய்யும். உடம்புக்கும் இது தெரியும். ஆக்சிஜன் வராத இடத்தில் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி, ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பி விடுகின்றன. மிக அழகான ஏற்பாடு. ஆனால் இதே ஏற்பாடுதான் நோயை ரொம்ப நாள் மறைத்தும் வைக்கிறது.

இப்போது அந்த அரை விநாடிக் கையிருப்புக்கு வருவோம். சவ்வு கொஞ்சம் தடித்துப்போய், நிரம்புவதற்குக் கால் விநாடிக்குப் பதில் அரை விநாடி ஆகிறது என்று வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது முக்கால் விநாடி கிடைப்பதால் எல்லாச் சிவப்பணுவும் நிரம்பிவிடும், ஆக்ஸிமீட்டர் 98 காட்டும். மாடிப்படி ஏறினால் இதயம் ரத்தத்தை வேகமாகத் தள்ளும், கிடைக்கும் நேரம் குறையும், முழுக்க நிரம்பாமலே ரத்தம் கிளம்பும். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது" என்று சொல்கிறவர்களை மனக்கவலை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். ஓய்வில் எடுக்கும் ஒற்றை எண்ணில் இந்தக் கோளாறு அகப்படாமல் போகலாம்.

## எம்.ஆர்.ஐ. எதைப் பார்க்கிறது?

எம்.ஆர்.ஐ. கருவி ஒரு பெரிய காந்தம். மருத்துவமனைகளில் பரவலாக இருப்பது 1.5 டெஸ்லா வலிமை கொண்டது, பூமியின் காந்தப்புலத்தைவிட சுமார் 30,000 மடங்கு. நம் உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் நிறைய இருப்பதால் ஹைட்ரஜன் அணுக்களும் ஏராளம். ஹைட்ரஜனின் கரு ஒவ்வொன்றுக்கும் தற்சுழற்சி என்ற ஒரு குணம் உண்டு. அதனால் அது ஒரு குட்டிக் காந்தமாக நடந்துகொள்ளும். பெரிய காந்தத்துக்குள் போனதும் இந்தக் குட்டிக் காந்தங்களில் பாதி ஒரு பக்கமும் பாதி எதிர்ப் பக்கமும் நிற்கும், ஒரு பக்கம் மட்டும் மிகச் சிறிதளவு கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் எவ்வளவு தெரியுமா? பத்து லட்சத்துக்குச் சுமார் ஐந்து. அந்த ஐந்தைத்தான் ரேடியோ அலையால் தட்டிவிட்டு, அவை திருப்பி அனுப்பும் சிக்னலைக் கேட்டு, படம் உருவாக்குகிறார்கள். தண்ணீர் ஏராளமாக இருப்பதால்தான் இவ்வளவு சொற்பமான கூடுதலை வைத்தும் காரியம் நடக்கிறது.

ஆக்சிஜன் ஏன் தெரிவதில்லை? சாதாரண ஆக்சிஜன் அணுவின் கருவில் எட்டு புரோட்டானும் எட்டு நியூட்ரானும் ஜோடி சேர்ந்து, ஒன்றின் சுழற்சியை இன்னொன்று ரத்து செய்துவிடுகின்றன. மொத்தச் சுழற்சி பூஜ்ஜியம். கருவில் காந்தம் இல்லாததால் சிக்னலும் இல்லை. ஆக்சிஜன்-17 என்ற அபூர்வ வகைக்குச் சுழற்சி உண்டு, ஆனால் இயற்கையில் அது 0.04 சதவீதம்கூட இல்லை.

நுரையீரல் கருப்பாகத் தெரிவதற்கு வேறு காரணங்கள். அதில் பெரும்பகுதி காற்று, தண்ணீர் குறைவு, அதனால் சிக்னலும் குறைவு. வருகிற கொஞ்ச சிக்னலும் ஓரிரு மில்லிவிநாடியில் அணைந்துவிடும், ஏனென்றால் கோடிக்கணக்கான இடங்களில் காற்றும் திசுவும் ஒட்டி நிற்பதால் காந்தப்புலம் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. இது போதாதென்று மூச்சும் இதயத் துடிப்பும் எல்லாவற்றையும் ஆட்டிக்கொண்டே இருக்கின்றன.

ஆக, ஆக்சிஜன் தெரியாது, நுரையீரலும் சரியாகத் தெரியாது. இனி இதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளைப் பார்ப்போம்.

## முதல் வழி: ஆக்சிஜன் பக்கத்தில் இருப்பவர்களிடம் விட்டுச்செல்லும் தடயம்

ஆக்சிஜனின் கருவில்தான் காந்தம் இல்லை. அதன் மூலக்கூறில், வெளியே சுற்றும் எலக்ட்ரான்களில் இரண்டு ஜோடி சேராமல் தனித்தனியாக நிற்கின்றன, அதனால் ஆக்சிஜன் வாயு காந்தத்தால் லேசாக ஈர்க்கப்படும். இப்படிப்பட்டவற்றைப் பாரா காந்தப் பொருள் என்பார்கள். ஆக்சிஜனுக்கு இந்தக் குணம் உண்டு என்று 19ஆம் நூற்றாண்டிலேயே மைக்கேல் ஃபாரடே கண்டார். திரவ ஆக்சிஜனை ஒரு வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது கீழே விழாமல் அங்கேயே தொற்றிக்கொண்டு நிற்கும்.

இந்தக் குணம் பக்கத்தில் இருக்கும் ஹைட்ரஜன் கருக்களைப் பாதிக்கிறது. ரேடியோ அலையால் தட்டிவிடப்பட்ட கரு பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்துக்கு டி1 என்று பெயர். சுற்றிலும் கரைந்த ஆக்சிஜன் அதிகமானால் டி1 குறையும், அதற்கேற்றபடி எடுக்கும் படத்தில் அந்த இடம் கொஞ்சம் வெளிச்சமாகும்.

செய்முறை எளிது. முகமூடி மாட்டிய ஒருவர் முதலில் 21 சதவீத ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்றைச் சுவாசிக்கிறார், படம் எடுக்கிறார்கள். அப்புறம் 100 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார், மறுபடி படம். இரண்டையும் கழித்துப் பார்த்தால் எங்கெல்லாம் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். 1996இல் முதன்முதலாக மனித நுரையீரலில் இதைச் செய்து காட்டினார்கள். மாற்றம் பெரிதில்லை, டி1 ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். அறைக்குள் ஆக்சிஜன் குழாய் வழியாகத்தான் வர வேண்டும். இரும்பு சிலிண்டரை அந்தக் காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோனால் அது பறந்து போய் உள்ளே இருப்பவரைத் தாக்கும், உயிரே போயிருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹீமோகுளோபினோடு சேர்ந்ததும் ஆக்சிஜனின் பாரா காந்தக் குணம் போய்விடும். 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் இதைக் காட்டினார்கள். அப்படியானால் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இருக்கை எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், கூடுதலாக வரும் ஆக்சிஜன் ரத்தத்தின் நீர்ப் பகுதியில் அப்படியே கரைகிறது. சாதாரணக் காற்றில் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 0.3 மில்லி ஆக்சிஜன் இப்படிக் கரைந்திருக்கும், தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் 2 மில்லிக்குப் பக்கத்தில் போகும். அந்தக் கரைந்த ஆக்சிஜன்தான் சாட்சி சொல்கிறது.

ஒரு இடம் வெளிச்சமானால் மூன்று காரியமும் அங்கே நடக்கிறது என்று அர்த்தம். வெளிச்சமாகாவிட்டால் மூன்றில் ஏதோ ஒன்று பழுது. எது என்று இந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம், இந்த முறையின் பெரிய குறை அதுதான்.

## இரண்டாவது வழி: ஆக்சிஜனுக்குப் பதிலாக ஒரு ஆளை அனுப்புவது

செனான் ஒரு மந்த வாயு. உடம்பில் எதோடும் வேதிவினை புரியாது. ஆனால் ஆக்சிஜன் போகும் அதே வழியில், நுண்ணறைக்குப் போய், சவ்வில் கரைந்து, அதைத் தாண்டிச் சிவப்பணுவுக்குள்ளும் போகும். செனான்-129 என்ற ஐசோடோப்பின் கருவுக்குச் சுழற்சி உண்டு, ஆகவே எம்.ஆர்.ஐ. அதைப் பார்க்க முடியும்.

சிக்கல் ஒன்றுதான்: வாயுவில் அணுக்கள் மிகக் குறைவு, அதிலும் பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் கூடுதலாக ஒரு பக்கம் நின்றால் சிக்னல் கேட்கவே கேட்காது. அதனால் செனானை முன்கூட்டியே தயார் செய்கிறார்கள். சூடான ருபீடியம் ஆவியோடு செனானைக் கலந்து அதன்மேல் ஒரு குறிப்பிட்ட வகை லேசர் ஒளியை அடிப்பார்கள். ருபீடியத்தின் எலக்ட்ரான்கள் ஒளியிடமிருந்து சுழற்சியை வாங்கி, செனானோடு மோதும்போது அதன் கருவுக்குக் கைமாற்றிவிடும். இப்படிப் பெரும்பாலான கருக்களை ஒரே பக்கம் திருப்பிவிடுவதற்கு ஹைப்பர்போலரைசேஷன் என்று பெயர். சிக்னல் லட்சம் மடங்கு அளவுக்குக்கூட ஏறும். 1994இல் சுண்டெலியின் நுரையீரலை இந்த முறையில் படம் எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகு மனிதர்களிடம் வெகுகாலம் ஹீலியம்-3 என்ற இன்னொரு வாயுவைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். அது கிடைப்பது அரிதாகிப்போகவும் எல்லோரும் செனானுக்கு மாறினார்கள்.

சோதனை இப்படி நடக்கும். மார்பைச் சுற்றி ஒரு மேல்சட்டை மாதிரி ஆன்டெனா கட்டுவார்கள். மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும் வாயுவைக் குழாய் வழியாக உறிஞ்சச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும், அதற்குள் படம் முடிந்துவிடும். செனான் அதிக அளவில் மயக்க மருந்தாக வேலை செய்யக்கூடியது என்பதால் சிலருக்குச் சற்றுநேரம் லேசான கிறுகிறுப்பு வரும். காற்றைவிட நாலரை மடங்கு கனமான வாயு என்பதால் மூச்சை விட்டதும் பேசினால் குரல் கட்டையாகக் கேட்கும். எக்ஸ்ரே கதிர் எதுவும் இதில் இல்லை, ஆகவே திரும்பத் திரும்ப எடுக்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். செனான் கரு பதில் சொல்லும் ரேடியோ அலைவரிசை, அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். வாயுவாக நுண்ணறைக்குள் இருக்கும்போது ஒரு அலைவரிசை. சவ்வில் கரைந்ததும் பத்து லட்சத்தில் சுமார் 198 பங்கு தள்ளிப்போகும். சிவப்பணுவுக்குள் போய்விட்டால் சுமார் 218 பங்கு. அதாவது ஒரே மூச்சில், நடைமேடையில் எத்தனை பேர், கதவில் எத்தனை பேர், ரயிலுக்குள் எத்தனை பேர் என்று மூன்று தனித்தனிக் கணக்கும், அதுவும் நுரையீரலின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது. கரைந்த நிலையில் இருப்பது மொத்த செனானில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான், இருந்தும் அதைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள்.

ஆஸ்துமாவில் வாயுப் படமே ஓட்டை ஓட்டையாகத் தெரியும், காற்று போகாத பகுதிகள் கருப்பாக நிற்கும். நுரையீரல் தழும்பாகித் தடிக்கும் நோயில் காற்று நன்றாகவே போயிருக்கும், சவ்வில் செனான் வழக்கத்தைவிட அதிகமாகத் தேங்கியிருக்கும், சிவப்பணுவில் குறைந்திருக்கும். கோவிட் வந்து போய் மூச்சுத் திணறல் மட்டும் நிற்காமல் இருந்தவர்களை இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையில் பார்த்தார்கள். சி.டி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாதவர்களிடமும் செனான் ரத்தத்துக்குள் போவது குறைந்திருந்தது. 2021இல் வந்த அந்த முதல் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மிகச் சிலர்தான், அதை வைத்து எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "எல்லாம் நார்மல்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் திணறலுக்கு நுரையீரலுக்குள்ளேயே காரணம் இருக்கலாம் என்பதை அது காட்டிவிட்டது.

சுருக்கமாக: செனான் ஆக்சிஜன் இல்லை, அதன் வழியில் போகும் பிரதிநிதி. படத்தில் தெரிவது பிரதிநிதி நடந்த பாதை.

## ஆக்சிஜனின் அளவையே கணக்கிட முடியுமா?

முடியும், அதுவும் ஆக்சிஜன் செய்யும் கெடுதலை வைத்தே. ஹைப்பர்போலரைஸ் செய்த வாயுவை நல்ல கண்ணாடிக் குடுவையில் வைத்தால் மணிக்கணக்கில் தன் நிலையைத் தக்கவைத்துக்கொள்ளும். நுரையீரலுக்குள் போனால் இருபது விநாடிபோலத்தான் தாங்கும், காரணம் அங்கே இருக்கும் ஆக்சிஜனின் பாரா காந்தக் குணம். ஆக்சிஜன் அதிகமான இடத்தில் சிக்னல் வேகமாக அணையும், குறைந்த இடத்தில் மெதுவாக அணையும். மூச்சைப் பிடித்திருக்கும்போதே அடுத்தடுத்து சில படங்கள் எடுத்து, எங்கே எவ்வளவு வேகமாக அணைகிறது என்று பார்த்தால், நுண்ணறைகளில் ஆக்சிஜனின் அழுத்தம் எவ்வளவு என்று பகுதி பகுதியாகக் கணக்கிட்டுவிடலாம். ஹீலியம்-3ஐ வைத்து ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் 1990களின் கடைசியில் இதைச் செய்து காட்டினார்கள். கருவியால் பார்க்க முடியாத ஒன்றை, அது எதை அழிக்கிறது என்று பார்த்து அளப்பது, இந்தத் துறையிலேயே புத்திசாலித்தனமான யோசனை இதுதான் என்பேன்.

## வாயு எதுவும் இல்லாமல்

லேசரும் செனானும் எல்லா இடத்திலும் கிடைக்காது. சாதாரண எம்.ஆர்.ஐ. கருவியிலேயே, நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது விநாடிக்குச் சில படங்கள் வீதம் தொடர்ந்து எடுக்கும் ஒரு முறையும் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிந்து படம் கொஞ்சம் மங்கும், விடும்போது தெளியும். இதயம் துடிக்கும்போது ரத்தம் வந்து போவதாலும் ஒரு ஏற்ற இறக்கம் இருக்கும். மூச்சு நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை, துடிப்பு அறுபது எழுபதுக்கு மேல். வேகம் வேறு வேறாக இருப்பதால் கணினி இரண்டையும் பிரித்து, காற்று போகும் இடத்துக்கு ஒரு படமும் ரத்தம் போகும் இடத்துக்கு ஒரு படமும் தந்துவிடும். சவ்வைத் தாண்டியதா என்பது மட்டும் இதில் தெரியாது. குழந்தைகளுக்கு இது மிகவும் பொருத்தம், மூச்சைப் பிடி என்று கெஞ்ச வேண்டியதில்லை.

## இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் செனான்-129 எம்.ஆர்.ஐ.யை அனுமதித்தது, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, காற்று எங்கெங்கே போகிறது என்று பார்ப்பதற்காக மட்டும். சவ்வையும் சிவப்பணுவையும் பிரித்துப் பார்ப்பது அந்த அனுமதியில் இல்லை, அது ஆராய்ச்சிக் கூடங்களில் செய்யப்பட்டு வந்தது. எம்.ஆர்.ஐ. கருவி இருக்கும் எந்த இடத்துக்கும் போய் இதைக் கேட்டு வாங்கிவிடவும் முடியாது. 1.5 டெஸ்லா கருவி ஹைட்ரஜனுக்காகச் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் கேட்கும்படி அமைந்திருக்கும், செனானோ 18 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே பேசும், எனவே தனி மின்னணு அமைப்பும் தனி ஆன்டெனாவும், பக்கத்திலேயே வாயுவைத் தயார் செய்யும் லேசர் கருவியும் வேண்டும்.

மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி, ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கான எக்கோ, தேவைப்பட்டால் சி.டி. என்ற வரிசைதான் இப்போதும். பெரும்பாலான காரணங்கள் அதிலேயே அகப்பட்டுவிடும். ஸ்பைரோமெட்ரியோடு வாயுக் கடத்தல் சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள்: மிகச் சிறிய அளவு கார்பன் மோனாக்சைடை ஒரு மூச்சு இழுக்கச் சொல்லி, எவ்வளவு ரத்தத்துக்குள் போனது என்று அளக்கும் சோதனை அது. எந்தப் பகுதியில் பழுது என்று அது சொல்லாது, ஆனால் சவ்வைத் தாண்டுவதில் மொத்தத்தில் சிக்கல் இருக்கிறதா என்பதைச் சொல்லிவிடும்.